குளிர்காலம் முழுவதும் நிற்கும் காரில் சுண்டெலி குடியேறாமல் இருக்க

கேள்வி இது: "டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறோம். ஏப்ரல் நடுவில்தான் திரும்புவோம். கார் அதுவரை, டொரண்டோவை அடுத்த மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டின் கராஜிலேயே நிற்கும். போன வருடம் பக்கத்து வீட்டுக் காரில் எலி வயரைக் கடித்துப் பெருஞ்செலவு வைத்துவிட்டது. காருக்குள் அந்துருண்டை போட்டுவிட்டுப் போகலாமா? பெப்பர்மிண்ட் எண்ணெய் தெளித்தால் போதுமா?"

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பெப்பர்மிண்ட் எண்ணெயால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி விமானம் ஏறாதீர்கள். டொரண்டோவின் கிழக்குப் பக்கத்துப் பட்டறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கார் பழுது பார்த்து வருகிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் எலி புகுந்த கார்கள் வரிசையாக வரும். பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு வாசனைப் பொருள் இருக்கும். எலி அதைச் சட்டை செய்ததாகத் தெரியாது. துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளைக் கிழித்துத் தன் கூட்டுக்கே மெத்தையாகப் போட்டிருந்ததை நான் ஒரு முறை அல்ல, பல முறை கையால் எடுத்திருக்கிறேன்.

எலி உங்கள் காருக்கு வயர் தின்ன வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அது வருவது குளிருக்கு ஒதுங்க. காற்று வராத, இருட்டான, யாரும் அசைக்காத ஓர் இடத்தில் கூடு கட்ட. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம்மவர்கள் சொல்வது எலிக்கும் பொருந்தும். ஆள் ஏறாமல் நான்கு மாதம் நிற்கும் காரைவிட நல்ல தனி வளை அதற்கு எங்கே கிடைக்கும்? கூடு கட்டிய பிறகுதான் கடி தொடங்குகிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். கூட்டுக்கு அருகில் வயர் இருந்தால் வயர், பிளாஸ்டிக் குழாய் இருந்தால் குழாய்.

இப்போது வரும் கார்களின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி தின்கிறது என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவில் இதை வைத்து டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்கள்மீது வழக்குகளும் தொடரப்பட்டன. என் கையில் வந்த பழைய கார்களில், சோயாப் பேச்சே இல்லாத காலத்து வயர்களிலும் இதே பல் தடங்களைப் பார்த்திருக்கிறேன். வயர் எதனால் ஆனது என்று ஆராய்வதைவிட, எலி ஏன் அங்கே தங்கியது என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது.

ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களைப் போலவே நான்கு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்த ஒருவர், வந்த மறுநாள் காரை எடுத்து ஹீட்டரைப் போட்டிருக்கிறார். காற்று வரும் துவாரங்களிலிருந்து விதைத் தொலியும் பஞ்சும் முகத்தில் பறந்து வந்திருக்கின்றன. பிறகு ஒரு நாற்றம். பட்டறைக்குக் கொண்டு வந்ததும் பயணி இருக்கைக்கு முன்னால் உள்ள டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை இழுத்தேன். நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக ஓட்டை. அதற்கு அப்பால் விசிறிக் கூட்டுக்குள் ஒரு கோப்பை அளவில் உருண்டையான கூடு. பொனட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் கம்பளத்தின் சாம்பல் நிறப் பஞ்சு, இருக்கையின் மஞ்சள் ஸ்பஞ்ச், டிஷ்யூ தாள், ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழின் தங்க நிற ஓரம், எல்லாம் மெல்லிய நூலாகக் கிழிக்கப்பட்டுப் பின்னப்பட்டிருந்தன. கூட்டின் ஓரத்தில் முறுக்குத் துண்டுகள். குழந்தையின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக அத்தனை தூரம் சுமந்து போயிருக்கிறது அந்த இருபது கிராம் பிராணி. கார்க்காரர் பின் இருக்கைத் தரையில் எட்டு அந்துருண்டைகள் போட்டிருந்தார்.

அதனால் நான் எப்போதும் காரில் தொடங்குவதில்லை, கராஜில் தொடங்குவேன். கார் கடைசி மதில். அதற்கு வெளியே இன்னும் இரண்டு மதில்கள் இருக்கின்றன; அவற்றைக் கோட்டை விட்டுவிட்டுக் கடைசி மதிலில் நின்று வாசனை தெளிப்பதில் பயன் இல்லை.

முதலில் சாப்பாடு. நம் வீட்டுக் கராஜ்களை எனக்குத் தெரியும். ஓர் ஓரத்தில் அரிசி மூட்டை இருக்கும். பக்கத்தில் மாவுப் பை, செத்தல் மிளகாய், ஊரிலிருந்து வந்த பெட்டி, போன ஆயுத பூசைக்கு வாங்கிய பொரி. வீட்டுச் சுண்டெலி ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3 கிராம் தீனி போதும். தண்ணீர்கூடத் தனியாக அதிகம் தேவைப்படாது. நீங்கள் இல்லாத நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஓர் எலிக்கு 400 கிராம்கூட ஆகாது. அப்படியென்றால் 8 கிலோ அரிசி மூட்டை ஒன்று, இருபது எலிகளுக்கு ஒரு முழுக் குளிர்காலத்துச் சாப்பாடு. அது இருக்கும் வரை நீங்கள் காருக்கு என்ன செய்தாலும் வீண். மூட்டைகளை வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள், அல்லது இறுக மூடும் தகர டின்னில் போடுங்கள். பிளாஸ்டிக் வாளியை ஓர் இரவில் குடைந்துவிடும். பறவைத் தீனி, புல் விதை, நாய் உணவு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். ஒரு முறை ஒரு எஞ்சின் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தபோது, சூரியகாந்தி விதை விளிம்பு வரை அடைந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் தொங்கிய பறவைத் தீனிக் கூட்டிலிருந்து மான் எலி சேர்த்து வைத்த களஞ்சியம் அது.

மான் எலி என்றேன். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கராஜுக்குள் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று உடல் முழுவதும் ஒரே சாம்பல் நிறமான வீட்டுச் சுண்டெலி. மற்றது மேலே பழுப்பும் வயிறும் கால்களும் தூய வெள்ளையுமாக, பெரிய கண்களோடு இருக்கும் மான் எலியும் அதன் நெருங்கிய உறவான வெள்ளைக்கால் எலியும். இரண்டாவது வகையைக் கண்டால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெரிய எலிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. 1950 முதல் பெரிய எலியை எல்லையிலேயே தடுத்து வைத்திருக்கும் அல்பர்டா மாகாணத்தில்கூடச் சுண்டெலிக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது வழி. ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். 6 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். பகலில் கராஜ் கதவை மூடி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாக வருகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. பெரும்பாலும் கதவின் கீழ் இரு மூலைகளிலும்தான் தெரியும். அங்கே ரப்பர் தேய்ந்து அரை அங்குலம் தூக்கி நிற்கும். புது ரப்பர் போடுங்கள், அதன் மூலைகளில் துருப்பிடிக்காத கம்பி நாரைத் திணியுங்கள். பாத்திரம் துலக்கும் சாதாரண இரும்பு நார் ஒரு குளிர்காலத்திலேயே துருப்பிடித்து உதிர்ந்துவிடும். செம்புக் கம்பி நார் அல்லது ஸ்டெயின்லெஸ் நார்தான் நிற்கும். எரிவாயுக் குழாய், ஏசி குழாய் ஆகியவை சுவரைத் துளைத்து வரும் இடங்களையும் பாருங்கள். நுரையை மட்டும் பீய்ச்சி அடைத்தால் எலி அதைக் கடித்துக்கொண்டு வந்துவிடும். முதலில் கம்பி, அதன் மேல் நுரை அல்லது சிமெண்ட்.

இதையெல்லாம் நவம்பர் இறுதியில் செய்தால் பிந்திவிடும். இரவுக் குளிர் கூடும் செப்டம்பர், அக்டோபரிலேயே அவை இடம் தேடத் தொடங்கிவிடுகின்றன. நீங்கள் ஓட்டைகளை அடைக்கும்போது சில ஏற்கெனவே உள்ளே இருக்கக்கூடும். இருக்கின்றனவா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரவில் சுவரோரமாகவும் காரின் நான்கு சக்கரங்களைச் சுற்றியும் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய படலமாகத் தூவிவிடுங்கள். காலையில் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். சிறு சிறு காலடிகளும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரிந்தால், அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தத் தடம் நேரே சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்துக்குப் போனது. துடைப்பத்தின் காம்பு காரின் பொனட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுண்டெலி சக்கரத்தின் வழியாகவும் ஏறும், ஆனாலும் கார்மீது எதையும் சாய்த்து வைக்காதீர்கள்.

உள்ளே இருப்பவற்றைப் பிடிக்கப் பழைய மரப் பலகைப் பொறியைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. சுவருக்குச் செங்குத்தாக, தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். திறந்த வெளியின் நடுவில் வைக்கும் பொறி வெறுமனே கிடக்கும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று வேண்டும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து அதிக தூரம் போவதில்லை, அதனால் இரண்டு பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பலன் குறைவு. பத்து வையுங்கள். தீனியாக வேர்க்கடலை வெண்ணெய் ஒரு பட்டாணி அளவு போதும். நிறைய வைத்தால் பொறியைத் தட்டாமல் நக்கிவிட்டுப் போய்விடும். கூடு கட்டும் பருவம் என்பதால் தீனியில் கொஞ்சம் பஞ்சையும் அழுத்தி வைத்தால் அதை இழுக்கப் போய் மாட்டும். பசை அட்டையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் ஒட்டிய உயிர் நாள் கணக்கில் துடிக்கும். நீங்கள் ஊரில் இருக்கும்போது அதை விடுவிக்கவும் ஆள் இருக்காது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே பொறிகளை வைத்து, தொடர்ந்து ஒரு வாரம் ஒன்றும் விழாத நிலைக்குக் கொண்டு வாருங்கள். அதன் பிறகும் பொறிகள் கராஜில் இருக்கட்டும். நீங்கள் இல்லாதபோது ஹீட்டர் ஓடுகிறதா, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதா என்று பார்க்க எப்படியும் ஒருவரை ஏற்பாடு செய்வீர்கள். வீட்டுக் காப்புறுதிக்காரர்கள் பொதுவாக அதைக் கேட்பார்கள். அதே ஆளிடம் கராஜில் ஐந்து நிமிடம் நின்று பொறிகளையும் பவுடரையும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை வந்து பார்க்கும் ஒரு சித்தப்பா, கடையில் விற்கும் எல்லா விரட்டிகளையும்விட மேல்.

இனி காருக்கு வருவோம். முதல் வேலை, உள்ளே ஒரு துணுக்குத் தீனி இல்லாமல் கூட்டுவது. குழந்தை இருக்கையைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். அதன் மடிப்புகளில் மிக்சரும் பிஸ்கட் தூளும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். டாஷ்போர்டுப் பெட்டியில் டிஷ்யூ, கோயில் விபூதிப் பொட்டலம், அட்சதை, கற்கண்டு எதுவும் இருக்க வேண்டாம். டிக்கியில் போர்வை, துணிப்பை, பழைய செய்தித்தாள் வேண்டாம். கூட்டுக்கான பஞ்சு கிடைக்காத காரில் எலி தங்க மனம் வைக்காது.

பிறகு, காற்று வரும் வழி. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் அடியில், வெளிக்காற்று காருக்குள் வரும் வாய் இருக்கிறது. எலி விசிறிக்குள் போவது இந்த வழியாகத்தான். அங்கே 6 மில்லிமீட்டரைவிடச் சிறிய கண் உள்ள கம்பி வலையை வெட்டிப் பொருத்தினால் அது நிரந்தரத் தீர்வு. பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். அது முடியாவிட்டாலும், காரைக் கடைசியாக நிறுத்தும்போது வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுழலும்படி பொத்தானை அழுத்திவிட்டு எஞ்சினை அணையுங்கள். பல கார்களில் அந்தக் காற்று வாயின் உட்கதவு மூடிய நிலையிலேயே நிற்கும். இதற்குக் காசு செலவில்லை. எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் குழாய் வாயையும் புகைக்குழாய் வாயையும் கம்பி நாரால் அடைக்கலாம். ஆனால் அடைத்த ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு ரிப்பன் ஒன்றைத் தொங்கவிடுங்கள். எத்தனை இடம் அடைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். எடுக்க மறந்து எஞ்சினை இயக்கினால் எலி செய்வதைவிடப் பெரிய சேதம் ஆகும்.

பொனட்டைத் திறந்தே விட்டுப் போவது நல்லது. இருட்டும் கதகதப்பும் இல்லாத எஞ்சின் அறை அதற்குப் பிடிக்காது. பொனட்டுக்குள் எரியும் விளக்கு இருந்தால் அதை மட்டும் கழற்றிவிடுங்கள், பேட்டரி இறங்கிவிடும். கராஜுக்குள் நிற்கும் காருக்குத் துணி உறை போட வேண்டாம். அது எலிக்குக் கூடாரம். யாரையாவது வந்து அவ்வப்போது பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டச் சொல்வதும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடச் சூட்டில் உள்ளே ஈரம்தான் சேரும், எலிக்கும் அது கணப்பு. மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

வெளியே தெரியும் வயர்க் கட்டுகளைச் சுற்ற, மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் தடவிய டேப் கிடைக்கிறது. ஹோண்டா நிறுவனமே அதை உதிரிப் பாகமாக விற்கிறது. பக்கத்து வீட்டில் கடி நடந்திருப்பதால் உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்வேன். சுற்றிய இடத்துக்கு நல்ல காவல், சுற்றாத இடத்துக்கு ஒன்றுமில்லை.

அந்துருண்டையை ஏன் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன் என்றால், அதிலிருக்கும் நாப்தலீன் ஆவியாகி இருக்கைத் துணியிலும் கூரைத் துணியிலும் ஊறிவிடும். கோடை வந்து கார் சூடாகும்போதெல்லாம் மறுபடி வெளியே வரும். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். நம் குழந்தைகளில் யாருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. இறுக மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சிக்கு வைக்கும் பொருள் அது. காருக்கானது அல்ல. நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் கருவிகளை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்த ஒலி ஓர் அட்டைப் பெட்டியைக்கூட ஊடுருவாது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2001-லேயே, அறிவியல் ஆதாரம் இல்லாமல் பலன் இருப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

எலி மருந்து வைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்து, போக முடியாத ஓர் இடத்தில், பெரும்பாலும் உங்கள் காற்றுக் குழாய்க்குள் போய்ச் சாகும். அந்த நாற்றத்தைப் போக்க டாஷ்போர்டு முழுவதையும் பிரித்த நாட்கள் எனக்கு உண்டு. மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023-இல் வீரியமான இரண்டாம் தலைமுறை எலி மருந்துகளைப் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை செய்தது இதற்காகத்தான்.

உங்கள் கார்க் காப்புறுதியில் எலிக் கடி அடங்குமா, அடங்கினால் எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்பதைப் போகும் முன் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயர்க் கட்டு முழுவதையும் மாற்ற நேர்ந்தால் ஆயிரக்கணக்கான டாலர் போகும்.

ஏப்ரலில் விமானம் இறங்கிய அன்றே காரைத் தொடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சிவப்பு ரிப்பன்கள் கண்ணில் படாது. மறுநாள் பகலில் கராஜ் கதவையும் காரின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். மான் எலியின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹண்டா வைரஸ் இருக்கலாம். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் மான் எலி பரப்பும் இந்த வகை அடையாளம் காணப்பட்டது. கனடாவில் அரிது, அதுவும் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான். ஆனாலும் உலர்ந்த எச்சத்தைக் கூட்டவோ வேக்குவம் போடவோ கூடாது. தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, தாளால் ஒற்றி எடுங்கள். இருக்கைத் துணியில் பிளீச் நிறத்தை எடுத்துவிடும், அங்கே துணிக்கான கிருமிநாசினி போதும்.

பிறகு டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி வடிகட்டியைப் பாருங்கள். எஞ்சின் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பொனட்டின் அடிக் கம்பளத்தில் பிய்த்த இடம் இருக்கிறதா, வயர்களில் செம்பு மின்னுகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் எஞ்சினை இயக்காமல் இழுவை வண்டியில் பட்டறைக்கு அனுப்புங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் ஸ்டீயரிங்கில் கட்டிய தாளை அவிழ்த்து, அதில் எழுதிய எண்ணிக்கைப்படி கம்பி நார்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வையுங்கள். கணக்குச் சரியாக வந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.